வளையத் தெரிந்த கம்பு

முதல் தூண்டில் வாங்கக் கடைக்குப் போகிறவரின் கை இருப்பதிலேயே தடித்த ராடைத்தான் தேடும். எடுத்து இரண்டு தரம் காற்றில் வீசிப் பார்த்துவிட்டு, “இது எத்தனை கிலோ மீன் தாங்கும்?” என்பார். “பத்து கிலோவுக்குக் கவலையே வேண்டாம் சார்” என்பார் கடைக்காரர். அந்த ராடில் பத்து கிலோ மீன் வருமோ வராதோ, கால் கிலோ ஜிலேபி வந்து கொத்தினால் வாங்கியவருக்குத் தெரியப்போவதில்லை என்பது மட்டும் உறுதி.

தூண்டிலில் ஊறியவர்கள் வலிமையைப் பார்ப்பதற்கு முன் நெகிழ்வைப் பார்ப்பார்கள். மீன் பாயும்போது கம்பு வளைகிறது, நரம்பு கொஞ்சம் நீள்கிறது, ரீல் தன் பிடியைத் தளர்த்தி நரம்பை ஓடவிடுகிறது. முரட்டுக் காளையைக் கயிறு விட்டுப் பிடிப்பதுபோல, மூன்றும் சேர்ந்து மீனின் பலத்தைக் கரைக்கின்றன. ஆறு கிலோ இழுவைக்கு அறுந்துவிடும் நரம்பில் அதைவிடக் கனமான கொடுவா கரையேறுவது இப்படித்தான். இந்த மூன்று நெகிழ்வுகளும் ஒன்றுக்கொன்று இசைந்த ராடு-ரீல் ஜோடியைத் தேடுவதில்தான் ரசனை தொடங்குகிறது.

கம்பைக் காற்றில் வீசிப் பார்த்தால் அதன் குணம் தெரியாது. நுனியை ஒருவர் பிடித்துக்கொள்ள, நீங்கள் கைப்பிடியை மெல்ல உயர்த்துங்கள். மேல் மூன்றில் ஒரு பங்கு மட்டும் வளைந்தால் அது ‘ஃபாஸ்ட்’. நடுவிலிருந்தே வளைந்தால் ‘மாடரேட்’. கைப்பிடிவரை வளைவு இறங்கி வந்தால் ‘ஸ்லோ’. வளைவு எங்கே தொடங்குகிறது என்பது ஆக்‌ஷன். வளைக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பது பவர். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவர் பாதித் தேர்வை முடித்துவிட்டார். நல்ல கம்பின் வளைவில் எங்குமே முறிவு இருக்காது. நுனியிலிருந்து இறங்கும் பாரத்தை ஒவ்வோர் அங்குலமும் அடுத்த அங்குலத்திடம் ஒப்படைத்துக்கொண்டே வரும். மலிவான கம்பில் ஓரிடம் விறைத்து நிற்கும், அடுத்த இடம் சட்டென மடங்கும். ஒரு தரம் பார்த்துவிட்டால் கண் பிறகு ஏமாறாது. தொடங்குகிறவருக்கு ஏழடி நீளம், மீடியம் பவர், மாடரேட்டுக்கும் ஃபாஸ்ட்டுக்கும் இடைப்பட்ட ஆக்‌ஷன் போதும். கைப்பிடிக்கு மேலே எத்தனை கிராம் எடையை வீசலாம், எந்தப் பலத்து நரம்பைப் பூட்டலாம் என்று அச்சிட்டிருக்கும். அந்தச் சின்ன எழுத்துதான் கம்பின் ஜாதகம்.

ஒரு காலத்தில் சீனத்துக் குவாங்தோங் பகுதியின் டோங்கின் மூங்கிலைப் பிளந்து, ஆறு முக்கோணப் பட்டைகளாகச் சீவி ஒட்டித்தான் உயர்ந்த கம்புகளைச் செய்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் கண்ணாடி இழை வந்தது. 1960களில் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் விமானங்களுக்காக மெருகேறிய கார்பன் இழை, 1970களில் தூண்டில் கம்பானது. கார்பன் கம்பின் பெருமை அதன் எடைக்குறைவு மட்டுமல்ல. தண்ணீருக்கடியில் நடப்பதைக் கைக்குச் சொல்லும் திறமும் அதில் உண்டு. ஜிலேபி இரையை மென்று துப்புவது, கெளுத்தி வாயில் கவ்விக்கொண்டு நகர்வது, ஈயக்குண்டு சேற்றை விட்டுக் கல்லில் ஏறுவது எல்லாம் விரலுக்குத் தனித்தனியாகத் தெரியும். கண்ணாடி இழைக்கு இந்தக் காது மந்தம். ஆனால் அது பொறுமைசாலி. படியில் இடித்தாலும் வண்டியில் நசுங்கினாலும் தாங்கும். கார்பனோ ஓர் அடியில் உள்ளே விரிசல் விட்டு, வெளியே காட்டாமல், நல்ல மீன் வரும் நாளில் உடையும். இரண்டும் கலந்த கம்பு புதியவரின் கைக்கு ஏற்றது. எது வாங்கினாலும் மின்கம்பிக்கு அடியில் வீசாதீர்கள். இடி மின்னலில் மடக்கி வைத்துவிடுங்கள். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும்.

கம்பிலுள்ள வளையங்களைக் கவனியுங்கள். ரீலுக்குப் பக்கத்தில் இருப்பது பெரிது, நுனிக்குப் போகப் போகச் சிறிது. ரீலிலிருந்து நரம்பு சுருள் சுருளாகப் பாய்ந்து வரும். அகன்ற வளையம் அந்தச் சுருளை ஏந்திக்கொள்ள, அடுத்தடுத்தவை அதை ஒடுக்கி நேர்க்கோடாக்கி அனுப்பும். ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் சிறிது பஞ்சை நுழைத்து இழுத்துப் பாருங்கள். பஞ்சு சிக்கினால் அங்கே கீறல் இருக்கிறது. நாளை நரம்பையும் அது அறுக்கும்.

நரம்பு சுருளாக வருவதற்குக் காரணம் ஒரு நெசவூர்க்காரர். பழைய ரீல்களில் வீசும்போது உருளையே சுழன்றாக வேண்டும். அது நரம்பைவிட வேகமாகச் சுழன்றுவிட்டால் குருவிக்கூடு மாதிரி சிக்கல் விழும். பிராட்ஃபோர்டின் கம்பளி ஆலைக் குடும்பத்தில் வந்த ஆல்ஃபிரெட் இல்லிங்வொர்த், 1905இல் வேறு வழிக்குக் காப்புரிமை பெற்றார். உருளை அசையாமல் நிற்கும். அதன் விளிம்பின் மேலாக நரம்பு நழுவிப் போகும். திரும்பச் சுற்றும்போது மட்டும் ஒரு கை சுழன்று நூல் சுற்றும். ஆலையில் தார்க்குச்சியிலிருந்து நூல் உருவி வருவதைப் பார்த்தவருக்கு இது தோன்றியதில் வியப்பில்லை. இன்று நாம் ஸ்பின்னிங் ரீல் என்று வாங்குவது அதன் பேரன்தான். புதியவர் ஒரு மாலைப்பொழுதில் வீசக் கற்றுக்கொள்ள முடிவதும் அதனால்தான்.

ரீலில் 2500 அல்லது 3000 அளவு ஏழடிக் கம்புக்கு இசையும். பெட்டியில் பன்னிரண்டு பேரிங், பதிமூன்று பேரிங் என்று போட்டிருப்பதில் மயங்க வேண்டாம். தரமான நாலைந்து, தரமற்ற பன்னிரண்டைவிட நன்றாக உருளும். ரீலின் உயிர், பிடியைத் தளர்த்தி நரம்பை ஓடவிடும் டிராக்கில் இருக்கிறது. முன்திருகைத் தளர்த்திவிட்டு நரம்பை மெல்ல இழுங்கள். முதல் அசைவில் தயங்கி, பிறகு வெட்டி வெட்டி ஓடினால் அந்த ரீல் வேண்டாம். தயக்கமின்றி வழுக்கி வர வேண்டும், ஏனென்றால் நரம்பு அறுவது பெரும்பாலும் அந்த முதல் தயக்கத்தில்தான். நரம்பின் பலத்தில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் டிராக்கை வைப்பது வழக்கம். ஆறு கிலோ நரம்புக்கு இதைப் பார்க்கத் தராசு தேவையில்லை. ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை ரீல் நரம்பில் நேராகத் தொங்கவிட்டு, அது மெதுவாக இறங்குகிற இடத்தில் திருகை நிறுத்தினால் போதும். டிராக் ஓடும்போது கைப்பிடியைச் சுற்றாதீர்கள், நரம்புதான் முறுக்கேறும். மீன் நின்றதும் கம்பை உயர்த்தி, தாழ்த்தும்போது சுற்றுங்கள். கரைக்குப் பக்கத்தில் வந்த மீனுக்குக் கம்பைத் தலைக்குப் பின்னால் சாய்ப்பது கூடாது. பாரமெல்லாம் நுனிக்குப் போய் கம்பு ஒடியும்.

நரம்பில் முதலில் நைலானே நல்லது. 1939இல் டூபான்ட் நிறுவனம் நைலான் தூண்டில் நரம்பைக் கொண்டுவரும்வரை பட்டு நூலை ஒவ்வொரு முறையும் உலர்த்திச் சுற்ற வேண்டியிருந்தது. பின்னல் நரம்பான பிரெய்டு மெல்லியது, பலமானது, தூரம் போகும்; ஆனால் நீளவே நீளாது. மூன்று நெகிழ்வுகளில் ஒன்றை அதனிடம் இழக்கிறோம். கை பழகிய பிறகு அந்த இழப்பைக் கம்பாலும் டிராக்காலும் ஈடுகட்டலாம். எந்த நரம்பானாலும் உருளை விளிம்புக்கு இரண்டு மில்லிமீட்டர் கீழே நிற்கும்படி நிரப்புங்கள். குறைந்தால் வீச்சு குன்றும், கூடினால் வளையம் வளையமாகக் கொட்டும்.

பயிலும் இடம் கடலாக இருக்க வேண்டியதில்லை. மதராஸ் மாகாணத்தில் அதிகாரியாக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், இந்தியத் தூண்டிலைப் பற்றி 1873இல் ஒரு நூல் எழுதினார். பிறகு குளத்துத் தூண்டிலுக்கென்றே 1887இல் தனி நூல் எழுதினார். நம் குளங்களும் ஏரிகளும் அத்தனைக்குத் தகும். மீன் குத்தகை எடுத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உட்காருங்கள். ஜிலேபியும் கெண்டையும் கையைப் பழக்கும். அதன் பிறகு முட்டுக்காட்டுக்கோ பழவேற்காட்டுக்கோ போகலாம். அங்கே கொடுவாவின் செவுள் மூடி நரம்பை அறுக்கும், சீலாவின் பல் வெட்டும். முன்னால் ஒரு தடித்த நரம்புத் துண்டைக் கட்டிக்கொள்ளுங்கள். உப்புத் தண்ணீர் பட்ட ரீலை, டிராக்கை இறுக்கிவிட்டு நல்ல தண்ணீரில் மெல்ல அலசி, உலர்ந்த பின் தளர்த்தி வைக்க வேண்டும்.

கையைக் கடிக்கிற விலையில் ராடும் ரீலும் கடையில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும். அவற்றில் கூடுதலாகக் கிடைப்பவை எடைக்குறைவு, வழவழப்பு, நுண்ணிய செவி. அந்த நுணுக்கங்களுக்கு நியாயமான விலை எது என்று சொல்ல, ஒரு நடுத்தரக் கம்பில் பல மீன்களின் இழுப்பை அறிந்த கை வேண்டும். அதனால் முதல் ஜோடியை நடுத்தர விலையிலேயே வாங்குங்கள். மிச்சப் பணத்தில் நல்ல நரம்பு வாங்கிச் சுற்றுங்கள்.