பதினேழாவது விதி: ஒரு படகு லிஃப்ட் கையேட்டைப் படித்தபோது

போன ஆகஸ்டில் கனடாவின் ஒன்டாரியோவில், கவார்த்தா ஏரிகளில் ஒன்றின் கரையில் நாலு நாள் தங்கியிருந்தேன். யாழ்ப்பாணத்து நண்பர் குடும்பம் வாடகைக்கு எடுத்த வீடு. வீட்டோடு ஒரு மோட்டார் படகும், அதைத் தண்ணீரிலிருந்து தூக்கி வைக்க ஒரு லிஃப்டும் இருந்தன. நாலு அலுமினியக் கால்கள், படகு உட்கார இரண்டு நீளக் கட்டைகள், ஒரு கம்பி வடம், கையால் சுற்றும் பெரிய சக்கரம். எந்திரம் அவ்வளவுதான்.

ஒருநாள் இரவெல்லாம் மழை. காலையில் என் செருப்பு ஒன்று தண்ணீரில் விழுந்து, தூக்கி நிறுத்தியிருந்த படகுக்கு அடியில் போய் நின்றது. இடுப்பளவுத் தண்ணீர்தானே என்று இறங்கினேன். நண்பரின் மகள் மேடையிலிருந்து கத்தினாள்: "மாமா, அதுக்குக் கீழ போகாதேங்கோ!"

"ஏம்மா?"

"புத்தகத்தில போட்டிருக்கு."

ஏன் போட்டிருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. செருப்பை விட்டுவிட்டு ஏறி வந்து, காப்பியோடு அந்தக் கையேட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மொத்தம் 23 விதிகள். ஒன்றுகூடத் தப்பில்லை. ஆனால் எல்லாமே ஒரே அளவு எழுத்தில், ஒரே குரலில். அடியில் நிற்காதே என்பது நாலாவது. எடை வரம்பைத் தாண்டாதே என்பது ஏழாவது. படகின் பின்புறத்து வடிதுளையின் பிளக்கைக் கழற்றி வை என்பது பதினேழாவது. அதுவும் படகைச் சோப்புப் போட்டுக் கழுவும் விதிக்குப் பக்கத்தில். இந்த மூன்றும் ஒரே விஷயம் என்பதைக் கையேடு எங்கேயும் சொல்லவில்லை. என் குறை இதுதான்.

அந்த வட்டாரத்திலேயே, பீட்டர்பரோ நகரத்தில், 1904-ல் திறந்த ஒரு பெரிய படகு லிஃப்ட் இருக்கிறது. இரண்டு தண்ணீர்த் தொட்டிகள். ஒன்று இறங்க மற்றது ஏறும். ஏற்றம் சுமார் 20 மீட்டர். மேல் தொட்டியில் ஓர் அடி தண்ணீர் கூடுதலாக விட்டால் போதும், அந்தப் பாரமே இரண்டையும் நகர்த்திவிடும். தொட்டிக்குள் நுழையும் படகு தன் எடைக்குச் சமமான தண்ணீரை வெளியே தள்ளிவிடுவதால், பெரிய படகு வந்தாலும் சின்னப் படகு வந்தாலும் தொட்டியின் பாரம் மாறாது. ஆர்க்கிமிடீஸ் கணக்கு.

வீட்டு லிஃப்டில் தொட்டி கிடையாது. அதுவரை தண்ணீர் சுமந்த பாரம் முழுவதையும் இனி கம்பிதான் சுமக்கணும். இதைப் புரிந்துகொண்டால் பதினேழாவது விதி பயமுறுத்தும். உட்தரை 5 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம் என்று வையுங்கள். 10 சென்டிமீட்டர் மழைத் தண்ணீர் தேங்கினால் ஒரு கன மீட்டர், அதாவது 1,000 கிலோ. விளம்பரத்தில் போடும் படகு எடையில் பெட்ரோலும் பாட்டரியும் பல நேரம் சேராது. மழை எங்கே சேரப்போகிறது?

இதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நண்பர் எழுந்து ஓடினார். "ஐயோ, நான் பிளக்கைக் கழட்டேல்லை!" மேடையில் நின்றபடியே கை நீட்டிக் கழற்றினார். தண்ணீர் வடிந்து முடிய வெகு நேரம் ஆனது. கம்பி அறுந்துவிடவில்லை. ஆனால் நான் இறங்கிய இடம் அதற்கு நேர் கீழே.

இங்கிலாந்தில் ஆண்டர்டன் படகு லிஃப்டில் 1882-ல் இப்படித்தான் ஒரு சோதனை வந்தது. உள்ளே படகு இருக்கும்போதே தொட்டியைத் தாங்கிய நீரழுத்த உருளை வெடித்தது. யாருக்கும் காயமில்லை. வெடித்த உருளையிலிருந்து தண்ணீர் வெளியேறிய வேகத்துக்குத்தான் தொட்டி இறங்க முடிந்தது. அடியில் இருந்த தண்ணீரும் அதை மெத்தை மாதிரி வாங்கிக்கொண்டது. அங்கே யாருடைய கவனமும் காப்பாற்றவில்லை, எந்திரத்தின் அமைப்புதான் காப்பாற்றியது. வீட்டு லிஃப்டுக்கு அந்த மெத்தை இல்லை. அதனால்தான் நாலாவது விதி. இறக்கும்போது சக்கரத்தைக் கைவிடாதே என்பதும் இதே காரணத்தால்தான்: படகின் பாரமே சக்கரத்தைச் சுழற்றும், கையை உடைக்கும்.

கையேடு எழுதுகிறவர்களின் சிக்கல் புரிகிறது. நாளைக்கு வழக்கு வந்தால் எல்லாம் சொல்லியாச்சு என்று காட்ட வேண்டும். ஆனால் எல்லாவற்றையும் ஒரே சத்தத்தில் சொன்னால் எதுவும் காதில் ஏறாது. நான் எழுதியிருந்தால் முதல் பக்கத்தில் இவ்வளவுதான் போட்டிருப்பேன்: தண்ணீர் சுமந்ததை இப்போது கம்பி சுமக்கிறது. மழை பெய்தால் சுமை கூடும். தூக்கியதும் பிளக்கைக் கழற்று, இறக்கும் முன் மறக்காமல் மாட்டு. கம்பி அறுந்தால் படகு அப்படியே விழும். கீழே போகாதே, கப்பியில் வளையும் இடத்தில் கம்பி இழை விட்டிருக்கிறதா என்று அடிக்கடி பார். மிச்ச விதிகளை இரண்டாம் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

செருப்பை மறுநாள்தான் எடுத்தேன், படகை இறக்கி அவர்கள் ஓட்டிக்கொண்டு போன பிறகு.