சோர்விலாதவள்தான் பெண்ணா?

வாழ்க்கைத் துணைநலம் அதிகாரத்தின் 56ஆம் குறள் பெண்ணுக்கு இலக்கணம் சொல்கிறது. தன்னைக் காக்க வேண்டும், கணவனைப் பேண வேண்டும், இருவரின் நற்பெயரையும் காக்க வேண்டும். இவற்றில் சோர்வில்லாதவளே பெண். இங்கே சோர்வு என்பதற்குப் பரிமேலழகர் மறதி என்று பொருள் கொள்கிறார். இன்று நம் காதில் அது களைப்பு என்றே விழுகிறது.

இரண்டும் வேறுவேறல்ல. மாமனாரின் மருந்து வேளை, பிள்ளையின் தேர்வுக் கட்டணம், கேஸ் தீரும் நாள், யார் முகம் ஏன் வாடியிருக்கிறது என்பது வரை எதையும் மறக்காமல் இருப்பதே ஒருத்தியைக் களைக்க வைக்கிறது. தூங்கி எழுந்தாலும் தீராத களைப்பு அது. மறந்தால் பொறுப்பற்றவள், களைத்தேன் என்றால் குறைப்பட்டவள்.

ஆனால் குறளின் வரிசையில் முதலில் நிற்பது தன்னைக் காத்தல். உரை மரபு அதைக் கற்பு என்று சுருக்கியது. பழைய உரைகாரர் பதின்மரும் ஆண்கள். அந்தச் சொல்லுக்குள் ஓய்வும், மருத்துவரிடம் போவதும், ‘இன்று என்னால் முடியாது’ என்பதும் அடங்காதா? வள்ளுவர் இதைத்தான் நினைத்தார் என்று வாதிடவில்லை. உரை எழுதும் உரிமை களைத்தவளுக்கும் உண்டு என்கிறேன்.