முதற்பாடத்தின் சமூகவியல்: பல்கலைக்கழகத்தில் அரபு கற்கப் புகுவோர் பற்றிய ஒரு நோக்கு

மொழி கற்பித்தல் பெரும்பாலும் ஒரு நுட்பத் துறையாகவே கருதப்பட்டு வருகிறது. எம்முறை விரைவில் பயன் தரும், எந்நூல் சிறந்தது என்னும் வினாக்களுடன் ஆய்வு நின்றுவிடுகிறது. முதல் வாரத்தில் எச்சொற்கள் கற்பிக்கப்படுகின்றன, அவற்றை யார், யாருக்காகத் தெரிந்தெடுத்தனர் என்னும் வினாக்கள் எழுப்பப்படுவது அரிது. அரபு எழுத்தையும் அறியாத ஒருவர் மேலைத்தேயப் பல்கலைக்கழகமொன்றில் அம்மொழியைக் கற்கப் புகும் நிலைமையை இவ்வினாக்களின் வழி நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பேச்சும் எழுத்தும் பெரிதும் வேறுபட்ட மொழியொன்றைத் தாய்மொழியாகக் கொண்ட எமக்கு இது அயலார் பிரச்சினை மட்டுமன்று.

அரபு கடினமான மொழி என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட கருத்து. அமெரிக்க அரசின் வெளிநாட்டுச் சேவை நிறுவனம், ஆங்கிலம் பேசுவோர் அரபில் தொழில்முறைத் தேர்ச்சி பெற ஏறத்தாழ 2,200 வகுப்பு மணி நேரம் வேண்டுமெனக் கணக்கிடுகிறது. ஸ்பானிய மொழிக்கு அதன் மூன்றிலொரு பங்கு போதுமானது. வாரத்துக்கு 5 மணி, ஆண்டுக்கு 30 வாரம் என வகுப்பு நடைபெறுமாயின், 2,200 மணியை நிறைவு செய்ய 14 ஆண்டுகளுக்கு மேல் செல்லும். எனவே, மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் எதைக் கற்பிப்பது, எதை விடுவது என்பது தவிர்க்கவியலாத தெரிவாகின்றது.

கடினம் எங்குள்ளது? 28 எழுத்துக்களையும் சில வாரங்களில் கற்றுவிடலாம். ஆயின், அச்சிட்ட பத்திரிகையில் குற்றுயிர்கள் பொதுவாகக் குறிக்கப்படுவதில்லை. அயின், லாம், மீம் என்னும் மூன்றெழுத்து, இடத்துக்கேற்ப ‘இல்ம்’ (அறிவு), ‘அலம்’ (கொடி), ‘அலிம’ (அறிந்தான்), ‘அல்லம’ (கற்பித்தான்) என வாசிக்கப்படும். தமிழில் எழுத்துக் கூட்டி வாசித்தபின் பொருளை அறிகிறோம். அரபிலோ பொருளை ஓரளவு ஊகித்த பின்னரே சரியாக வாசிக்கலாம். அகராதியின் நிலையும் இதுவே. 1952இல் ஜெர்மன் மொழியிலும் 1961இல் ஆங்கிலத்திலும் வெளிவந்த ஹான்ஸ் வேரின் அகராதி வேரடிப்படையில் அமைந்தது. நூலகத்தைக் குறிக்கும் ‘மக்தபா’ என்னும் சொல்லை மீம் எழுத்தின் கீழ்த் தேடிப் பயனில்லை. காஃப், தா, பா என்னும் வேரின் கீழேயே தேடவேண்டும். இலக்கணம் அறியாதவருக்கு அகராதியும் பயன்படாது.

இவை மொழியின் இயல்பிலிருந்து எழுபவை, முயற்சியால் வெல்லத்தக்கவை. வேர்முறை பிடிபட்டதும் ஒரு சொல்லிலிருந்து பத்துச் சொற்களை ஊகித்தறியும் மகிழ்ச்சியும் கிட்டும். நாம் கேள்விக்குட்படுத்த விழைவது வேறொரு கடினத்தையாகும். ‘உமக்கு என்ன வேண்டும்?’ என்பதை எழுத்து வழக்கில் ‘மாதா துரீது’ என்பர். கெய்ரோவில் ‘ஆயிஸ் ஏ’ என்பர். டமஸ்கஸில் ‘ஷூ பித்தக்’ என்பர். சார்ள்ஸ் பேர்குசன் 1959இல் இரட்டை வழக்குப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் எடுத்தாண்ட நான்கு மொழிகளுள் அரபும் ஒன்று. எழுத்து வழக்கை வீட்டில் தாய்மொழியாகப் பேசி வளர்வோர் இலர். பல்கலைக்கழகம் நெடுங்காலமாகத் தொடக்க மாணவருக்குக் கற்பித்ததோ அவ்வழக்கை மட்டுமே.

இதற்கு வரலாற்றுக் காரணங்கள் உள. கேம்பிரிட்ஜில் 1632இலும் ஒக்ஸ்போர்டில் 1636இலும் அரபுப் பேராசிரியர் பதவிகள் நிறுவப்பட்டபோது, விவிலிய ஆய்வு முக்கிய தேவைகளுள் ஒன்றாயிருந்தது. 1859க்கும் 1862க்கும் இடையில் வெளிவந்த வில்லியம் ரைட்டின் இலக்கண நூல் பழைய நூல்களை வாசிப்போருக்கானது. அரபு பேசும் மனிதருக்கு அங்கு இடமில்லை. இத்தகைய புலமைக்கும் ஏகாதிபத்தியத்துக்கும் இருந்த உறவை எட்வேட் செயித் 1978இல் வெளியிட்ட ‘கீழைத்தேயவாதம்’ என்னும் நூல் விரிவாக ஆராய்ந்தது. 1957இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியதன் எதிரொலியாக அமெரிக்கா 1958இல் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தை இயற்றி, அரபு முதலிய மொழிகளுக்கு நிதி வழங்கியது. சட்டத்தின் பெயரே அதன் நோக்கத்தை உணர்த்தும். 2001 செப்டெம்பர் நிகழ்வுகளின் பின், 2002க்கும் 2006க்கும் இடையில், அமெரிக்க உயர்கல்வி நிறுவனங்களில் அரபு கற்போர் தொகை இரு மடங்குக்கும் மேலாயிற்று.

இப்பின்னணியிலேயே ‘அல்-கிதாப்’ என்னும் பாடநூல் வரிசையை மதிப்பிடவேண்டும். கிறிஸ்ரன் புருஸ்ராட், மஹ்மூத் அல்-பத்தல், அப்பாஸ் அல்-தூன்ஸி ஆகியோர் ஆக்கிய இந்நூல் ஜோர்ஜ்ரவுன் பல்கலைக்கழக வெளியீடாக 1995இல் வரத் தொடங்கியது. விதிகளை மனனஞ் செய்யும் பழைய முறையைக் கைவிட்டு, ஒரு குடும்பத்தின் கதையினூடாக மொழியைக் கற்பிக்க முனைந்தமை அதன் சிறப்பாகும். கதைத்தலைவி மஹா நியூயோர்க்கில் வாழ்பவள். தந்தை ஐக்கிய நாடுகள் சபையில் மொழிபெயர்ப்பாளர். இதனால், அன்றாட வீட்டுச் சொற்கள் பலவற்றுக்கு முன்னரே ‘ஐக்கிய நாடுகள்’, ‘மொழிபெயர்ப்பாளர்’ ஆகிய சொற்களை மாணவர் முதற்பாடத்திற் கற்கின்றனர். தான் தனிமையை உணர்வதாக மஹா கூறும் கூற்று மாணவரிடையே நகைச்சுவையாகவே நிலைத்துவிட்டது. கதைக்களம் படித்த மத்தியதர வர்க்கத்தின் உலகம்; சந்தையும் வயலும் தொழிற்சாலையும் அதன் தொடக்கத்திற் காணப்படா.

2011இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பு இக்குறையின் ஒரு பகுதியை உணர்ந்து, எகிப்திய, சிரியப் பேச்சு வழக்குகளையும் உடன் சேர்த்தது. இது வரவேற்கத்தக்க மாற்றமே. ஆயினும், ஒரே பொருளுக்கு மூன்று சொற்கள் அருகருகே நிரல்படுத்தப்பட்டபோது தொடக்க மாணவரின் சுமை கூடிற்று. ஒரே பேச்சு வழக்கைத் தெரிந்து, பேசுவதற்கு அதனையும் வாசிப்பதற்கு எழுத்து வழக்கையும் முதல் நாளிலிருந்தே பயிற்றுவதே தகுந்த வழியென, கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கற்பித்த முந்திர் யூனுஸ் 2015இல் வெளிவந்த தம் நூலில் வாதிட்டார். அரபு மக்கள் தம் மொழியைக் கையாளும் முறைக்கு இதுவே நெருக்கமானது என நாம் கருதுகிறோம்.

எழுத்து வழக்கு உயிரற்றது என்பது எமது வாதமன்று. 1988இல் நோபல் பரிசு பெற்ற நஜீப் மஹ்பூஸ் தம் பாத்திரங்களின் உரையாடலையும் எழுத்து வழக்கிலேயே அமைத்தவர். பாக்தாத் வாசகரையும் மொறோக்கோ வாசகரையும் இணைப்பது அவ்வழக்கே. அதனைப் பேச்சிலிருந்து பிரித்துத் தனியே வழங்குவதையே நாம் மறுக்கிறோம்.

இப்பிரிவின் சமூகப் பொருளை எமது நாட்டிலிருந்து தெளிவாகக் காணலாம். குர்ஆன் ஓதக் கற்ற முஸ்லிம் பிள்ளைகள் எழுத்தையும் ஒலியையும் நுட்பமாக அறிவர். சொற்பொருளைப் பலர் அறியார். 1970களின் பிற்பகுதி முதல் வளைகுடா நாடுகளுக்கு வீட்டுப் பணிக்குச் சென்ற எமது பெண்களோ, பாடநூலும் ஆசிரியருமின்றிச் சமையலறையிலேயே பேச்சு அரபைக் கற்றனர். அவர்கள் எசமானியின் கட்டளையைப் புரிந்துகொள்வர். தம் பெயரில் எழுதப்பட்ட ஒப்பந்தத்தை வாசிக்கவியலாதோர் அவர்களுட் பலர். மேலைத்தேயப் பட்டதாரி அரபு ஆசிரியத் தலையங்கத்தை வாசிப்பார். கெய்ரோக் கடையிற் பாண் வாங்கத் தடுமாறுவார். ஒரே மொழி அதிகாரத்துக்கு அண்மையிலுள்ளோருக்கு எழுத்தாகவும் உழைப்போருக்குப் பேச்சாகவும் பங்கிடப்பட்டுள்ளது. இப்பெண்களின் மொழியறிவைக் கல்வியாக ஏற்று, அதன்மேல் எழுத்தறிவைக் கட்டியெழுப்பும் பாடநெறியை எந்தப் பல்கலைக்கழகமும் முதன்மைப் பணியாகக் கொண்டதாக நாம் அறியோம்.

தமிழ் கற்பிப்போரும் இதனை எண்ணிப் பார்த்தல் தகும். சிங்கள மாணவருக்கு ‘நான் போகிறேன்’ என்பதை மட்டும் கற்பித்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினால், ‘நான் போறன்’ என்ற விடையை அவர் எவ்வாறு விளங்கிக்கொள்வார்? அயலவரோடு உரையாடவேண்டும் என்று நாம் உண்மையாகவே விரும்பின், எமது முதற்பாடத்தின் சொற்களையும் மீண்டும் தெரிந்தெடுக்கவேண்டியிருக்கும்.