எச்சமில்லாப் பகைவன்: பிள்ளையார்பட்டிக் கயமுகனும் காரைக்குடி மேடை இராவணனும்

முன்னுரை

ஆவணி மாதச் சதுர்த்திப் பெருவிழாவின் ஆறாம் நாளில் பிள்ளையார்பட்டியில் கயமுகாசுரன் வதம் நிகழ்கிறது. கூடியிருப்போர் அவன் வீழ்வதைக் கண்டு கலைகின்றனர். அவன் செய்தது தகுமா, அவனுக்கு நேர்ந்தது முறையா என்று எவரும் வாதிடுவதில்லை. அதே வட்டாரத்தில், குன்றக்குடியைக் கடந்து காரைக்குடிக்குச் சென்றால் நிலைமை வேறு. அங்கே 1939இல் தொடங்கிய கம்பன் திருநாளின் வழியாக வளர்ந்த மேடை மரபில் இராவணனும் கும்பகருணனும் வாலியும் இந்திரசித்தும் மீண்டும் மீண்டும் வழக்குக்கு உள்ளாகின்றனர். இவர்களுள் நெஞ்சைக் கவர்பவர் எவர் என்பதில் தலைமுறைகள் கடந்தும் உடன்பாடு ஏற்படவில்லை.

இரண்டு ஊர்களையும் இணைக்கும் ஒருவர் உண்டு. காரைக்குடிக் கம்பன் கழகத்தை நிறுவிய கம்பன் அடிப்பொடி சா. கணேசனே பிள்ளையார்பட்டித் தலவரலாற்றையும் எழுதியவர். ஒரே அறிஞரின் ஈடுபாட்டுக்குரிய இவ்விரு களங்களில் ஒன்றில் பகைவன் ஓயாத விவாதப் பொருளாகவும், மற்றொன்றில் விவாதமே எழாத பொருளாகவும் இருப்பது ஏன்? இவ்வினாவையே இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. காப்பியத்தின் எதிர்நிலை மாந்தரைச் சுவைஞர்கள் ‘சிறந்தவர்’ எனத் தரப்படுத்தும்போது உண்மையில் எதை மதிப்பிடுகின்றனர் என்பதும் இதனுள் அடங்கும்.

எச்சம் என்னும் அளவுகோல்

இலக்கணத்தில் எச்சம் என்பது பொருள் முடியாமல் எஞ்சி நின்று, தன்னை முடிக்கும் சொல்லை எதிர்நோக்குவது. இக்கட்டுரை அச்சொல்லைப் பாத்திரப் படைப்புக்கு விரித்துக்கொள்கிறது. கதையின் நீதி நிறைவேறிய பின்னும், அந்நீதியால் முடித்துவைக்க இயலாமல் ஒரு பகைவனிடம் எஞ்சுவது எதுவோ அதுவே அவனது எச்சம். வலிமை, கல்வி, வரம், செல்வம் ஆகியவை எச்சம் ஆகா. அவை பகைவனைப் பெரியவனாக்கும், மறக்க முடியாதவனாக்கிவிடா.

கயமுகனிடம் வலிமைக்குக் குறைவில்லை. கந்தபுராணத்தின் தக்க காண்டத்தில் அவனுக்கெனத் தனிப் படலமே உள்ளது. படைக்கலங்களால் அழியா வரம் பெற்ற அவன்மீது விநாயகர் தம் கொம்பை முறித்து எறிகிறார், அவன் பெருச்சாளியாகி வருகிறான், ஊர்தியாகிறான். கணக்கு முற்றிலும் தீர்ந்துவிடுகிறது. அவனைத் தடுத்து அறிவுரை கூறிய தம்பி இல்லை. அவன் வீழ்ந்தபின் உடல்மேல் விழுந்து அழுத மனைவியின் புலம்பலும் கேட்பதில்லை. பகை ஊர்தியாக மாறியதும் வாதிட எதுவும் மிஞ்சவில்லை.

பிள்ளையார்பட்டிக் குடைவரையில் இது இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. பாறையில் வடிக்கப்பட்ட கற்பக விநாயகர் இரண்டே கைகளுடன், வலம்புரியாக, வடக்கு நோக்கி அமர்ந்திருக்கிறார். பாசமும் அங்குசமும் அக்கைகளில் இல்லை. எக்காட்டூர் என்னும் பழம்பெயரையும் பெருந்தச்சன் ஒருவனையும் குறிக்கும் கல்வெட்டு அக்குடைவரையின் தொன்மையைக் காட்டுவதாகக் கொள்ளப்படுகிறது. படைக்கலம் ஏந்தாத அவ்வுருவைப் பார்த்து நிற்பவருக்குப் பகைவனின் நினைவே வருவதில்லை. கருவறைக்குள் இடம்பெறாத அசுரன் விழாவில் மட்டும் ஒருநாள் தோன்றி மறைகிறான்.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். ஊர்தியாவதால்தான் விவாதம் அடங்குகிறதென்றால் சூரபதுமன் மயிலும் சேவலும் ஆனானே. அவனைப் பற்றிப் பேச ஒன்றுமில்லையா? உண்டு. அதற்குக் காரணம் கச்சியப்ப சிவாசாரியார் அவனுக்குத் தந்த ஒரு காட்சி. முருகனின் பேருருவைக் கண்ட சூரன் உருகிப் புகழ்கிறான், வணங்க விழைகிறான், மானம் ஒன்றே அவனைத் தடுக்கிறது. அந்தத் தடுமாற்றத்தை மயில் வடிவம் அழித்துவிடவில்லை. எனவே முடிவு எத்தகையது என்பது அளவுகோல் ஆகாது. முடிவுக்குமுன் பகைவன் தன்னைத்தானே அறியும் ஒரு கணம் அவனுக்கு வாய்த்ததா என்பதே அளவுகோல். கயமுகனுக்கு அது வாய்க்கவில்லை.

இறக்கும் வேளையில் இரு அண்ணன்மார்

கம்பனின் எதிர்நிலை மாந்தருள் வாலியும் கும்பகருணனும் சாகும் இடங்கள் ஒன்றுக்கொன்று பதிலுரைப்பன. இருவரும் தம்பியரால் கைவிடப்பட்டவர்கள். வாலியின் தம்பி மறைந்திருந்து எய்பவனை அழைத்து வந்தான். கும்பகருணனின் தம்பி பகைவர் பாசறையில் நிற்கிறான். ஆனால் இருவரும் இராமனிடம் இறுதியாகக் கேட்பது அத்தம்பியருக்காகவே.

மது மயக்கத்தில் சுக்கிரீவன் பிழை செய்தாலும் என்மேல் எய்த அம்பை அவன்மேல் எய்யாதே என்கிறான் வாலி. அண்ணனைக் கொல்வித்தவன் என்று உன் தம்பியர் அவனை இகழ்ந்தால் தடுத்துவிடு என்றும் கேட்டுக்கொள்கிறான். இந்த இரண்டாம் வேண்டுகோள் நுட்பமானது. சுக்கிரீவன் மீது விழக்கூடிய பழி இன்னதென்பதை வாலி துல்லியமாக அறிந்திருக்கிறான்; அப்பழியைத் தானே சொல்லி, அதிலிருந்து தம்பியைக் காக்கிறான். இராமன் செயல் முறையா என்னும் பட்டிமண்டப வினா இவ்விடத்தில் சிறுத்துப்போகிறது. வாலி அவ்வினாவைக் கடந்துவிட்டான். மேடை இன்னும் கடக்கவில்லை.

கும்பகருணன் இராவணனின் அவையிலேயே உண்மையைச் சொன்னவன். மானத்தைப் பேசிக்கொண்டே காமத்தைப் பேணும் முரணை அண்ணன் முகத்துக்கு நேரே எடுத்துரைத்தவன். போருக்குமுன் வீடணன் வந்து அழைத்தபோதும் அவன் வாதத்தை மறுக்கவில்லை. உண்ட சோற்றுக்கும் உடன்பிறப்புக்கும் உரிய கடனைச் சொல்லி மறுத்தான். வீடணன் சென்ற வழி அவனுக்குத் தகும், தனக்குத் தகாது என்கிறான். அறம் ஒன்றாகவும் கடன் வேறாகவும் பிரிந்து நிற்கும் இந்நிலைக்குக் கதையின் எந்த வெற்றியும் விடையாகாது. மூக்கும் செவியும் இழந்து வீழும்போது, வீடணனை இராவணனிடமிருந்து காக்குமாறும், தன் சிதைந்த முகத்தைப் பிறர் காணாதவாறு தலையை அறுத்துக் கடலில் இடுமாறும் வேண்டுகிறான். வெட்கமும் பாசமும் ஒரே மூச்சில் வருகின்றன. கம்பனின் எதிர்நிலை மாந்தருள் முதலிடம் எவருக்கு என்று கட்டாயமாகக் கேட்கப்படின் இக்கட்டுரையாளர் கும்பகருணனையே சொல்வார்.

இராவணனும் ‘உம்’ என்னும் இடைச்சொல்லும்

இராவணன் நிலை இவ்விருவரினின்றும் வேறுபட்டது. இறக்கும்போது அவனுக்குப் பேச்சில்லை. கடைசிப் போரின் நடுவே, எதிரே நிற்பவன் வேதங்கள் சொல்லும் முதற்பொருளோ என்று ஐயுறுகிறான். யாராயினும் ஆகுக, என் ஆண்மையிலிருந்து பெயரேன் என்று முடிவுசெய்து போரைத் தொடர்கிறான். அதன்பின் அவனுக்காகப் பேசுவோர் வீடணனும் மண்டோதரியும். வீழ்ந்து கிடக்கும் முகங்கள் முன்னினும் மும்மடங்கு பொலிந்தன என்னும் பொருளில் கம்பர் பாடுகிறார். சினமும் காமமும் நீங்கிய முகப்பொலிவு அது. பாராட்டா இரக்கமா என்று பிரித்தறிய முடியாதபடி அவ்விடம் அமைந்துள்ளது. இராவணன் தானே சொல்லி முடிக்காததைப் பிறர் சொல்லி முடிக்க முயல்கின்றனர்; முடியவில்லை. காரைக்குடி மேடையில் நிகழும் வாதங்கள் அந்தப் புலம்பல்களின் நீட்சியே.

இருபதாம் நூற்றாண்டில் இவ்வாதம் அரசியல் வாதமாகவும் ஆயிற்று. 1943இல் அண்ணா கம்பராமாயணத்தைக் கண்டித்து ரா.பி. சேதுப்பிள்ளையோடும் நாவலர் சோமசுந்தர பாரதியாரோடும் நடத்திய சொற்போர்கள் ‘தீ பரவட்டும்’ என்னும் பெயரில் நூலாயின. 1946இல் வெளிவந்த புலவர் குழந்தையின் ‘இராவண காவியம்’ 1948இல் தடைசெய்யப்பட்டு, 1971இல் தடை நீங்கப்பெற்றது. ஒரு காப்பியத்தைத் தடைசெய்யும் அளவுக்குப் பகைவனைப் பற்றிய மதிப்பீடு இந்நிலத்தில் உயிருள்ள வினாவாக இருந்தது என்பதை இன்றைய ஆய்வாளர் எளிதில் மறந்துவிடுகின்றனர். ஆயினும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ‘இராவண காவியம்’ இராவணனைத் தன்னிகரில்லாத் தலைவனாக்குகிறது. தலைவனானதும் அவன் பகைவனாக இருந்தபோது பெற்றிருந்த பிளவு மறைந்துபோகிறது. அரசியல் நோக்கில் அது தேவையான தலைகீழாக்கம் என்பதில் ஐயமில்லை; பாத்திரப் படைப்பு என்ற நோக்கில் அது ஓர் இழப்பு.

1945இல் அ.ச. ஞானசம்பந்தன் எழுதிய நூலின் பெயர் ‘இராவணன் மாட்சியும் வீழ்ச்சியும்’. அத்தலைப்பின் எண்ணும்மையை விரைந்து கடந்துவிடக் கூடாது. மாட்சி இருந்தும் வீழ்ச்சி என்றோ, வீழ்ச்சி நேர்ந்தாலும் மாட்சி என்றோ அத்தலைப்பு ஒன்றை மற்றொன்றின்கீழ் அடக்கவில்லை. இரண்டையும் நிகராக நிறுத்துகிறது. பட்டிமண்டபம் இரண்டு அணிகளாகப் பிரித்து, நடுவர் இறுதியில் ஒருபக்கம் சாயவேண்டிய கட்டாயத்தை உடையது. குன்றக்குடி அடிகளார் போன்ற நடுவர்கள் அக்கட்டாயத்தைச் சிந்தனைக்கான வாய்ப்பாக மாற்றத் தெரிந்தவர்கள். பல்கலைக்கழக ஆய்வுக்கு அக்கட்டாயமே இல்லை. இருந்தும் நம் ஆய்வேடுகள் பல, ‘மாண்பு’ என்றோ ‘வீழ்ச்சி’ என்றோ ஓர் அணியில் சேர்ந்துகொண்டு தொடங்குகின்றன.

தீண்டாமையும் சாபமும்

இவ்வாறு அணிசேர்வதால் நேரும் பிழைக்கு ஒரு சான்று போதும். இராவணனுக்காக வாதிடுவோர் பெரிதும் முன்வைப்பது, அவன் சீதையைத் தொடவில்லை என்னும் வாதம். வால்மீகியில் அவன் அவளைக் கையால் பற்றித் தூக்கிச் செல்கிறான்; கம்பரில் நிலத்தைப் பெயர்த்துக் குடிலோடு எடுத்துச் செல்கிறான். இவ்வேறுபாடு உண்மை. ஆனால் அதற்குக் கம்பர் தரும் காரணம் கண்ணியம் அன்று. அயன் முன்பு உரைத்த சாபத்தை இராவணன் எண்ணிப் பார்த்ததாகவே அப்பாடல் சொல்கிறது. கம்பர் சீதையின் தூய்மையைக் காக்கச் செய்த மாற்றம் மேடையில் இராவணனின் ஒழுக்கமாக மொழிபெயர்க்கப்பட்டுவிட்டது. அசோகவனத்தில் சிறையிருந்தவளின் துயரம், சிறைவைத்தவனின் பண்புக்குச் சான்றாகப் பயன்படுகிறது. ஒரு பகைவன் நம்மைக் கவர்கிறான் என்று ஒப்புக்கொள்வதற்கும், அவன் செய்தது பொறுத்துக்கொள்ளத்தக்கது என்று நிறுவுவதற்கும் இடையிலுள்ள தூரம் இங்கேதான் காணாமற்போகிறது. முன்னது சுவைஞர் உரிமை. பின்னதற்குப் பாடம் இடந்தரவில்லை.

மேலைநாட்டிலும் இச்சிக்கல் உண்டு. மில்டன் தம்மை அறியாமலே சாத்தானின் கட்சியைச் சேர்ந்தவர் என்று வில்லியம் பிளேக் குறிப்பிட்டது நன்கறிந்த செய்தி. கம்பனையும் மில்டனையும் ஒப்பிட்டு எழுதிய வ.வே.சு. ஐயரின் ஆய்வை இந்நோக்கில் மீண்டும் படிக்கலாம். இன்றைய மிகுபுனைவு வாசகரிடமும் எச்சம் என்னும் அளவுகோல் பொருந்தக் காண்கிறோம். டோல்கீனின் ‘மோதிரங்களின் தலைவன்’ கதையில் பேராற்றல் படைத்த சவுரான் நேரில் தோன்றுவதில்லை; வாசகர் நெஞ்சில் நிற்பவன் தனக்குத்தானே பேசிப் பிளவுண்டு திரியும் கோலம். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ வாசகர்கள் இரவிதாசனை விட்டுவிட்டு நந்தினியைப் பற்றியே பேசுவதும் இதனால்தான்.

கயமுகனிடம் எஞ்சியது

கயமுகனுக்கு எச்சமில்லை என்ற கூற்றுக்கு ஒரு விலக்குச் சொல்ல வேண்டியுள்ளது. தேவர்கள் தன்முன் தலையில் குட்டிக்கொண்டு தோப்புக்கரணம் இடவேண்டும் என்று அவன் ஆணையிட்டிருந்ததாகவும், அவன் அழிந்தபின் தேவர்கள் அதையே விநாயகர்முன் அன்பினால் செய்ததாகவும் ஒரு கதை வழங்குகிறது. திருமாலின் சக்கரத்தை மீட்ட கதையும் இவ்வழக்கத்துக்குக் காரணமாகச் சொல்லப்படுவதுண்டு. முதற்கதையை ஏற்றால், கற்பக விநாயகர் சந்நிதியில் காதைப் பிடித்து எழுந்தமரும் ஒவ்வொருவரும் அசுரன் விதித்த அசைவையே செய்கின்றனர். அவன் எச்சம் சொல்லில் இல்லை. வணங்குவோர் உடலில் உள்ளது. சொல்லாக இல்லாததால் அது பட்டிமண்டபத்துக்கு வருவதில்லை. எதிர்நிலை மாந்தரைப் பற்றிய நம் ஆய்வு காப்பியப் பாடத்தோடு நின்றுவிடாமல், விழாவையும் வழிபாட்டுச் செயலையும் பாடமாகக் கொள்ளவேண்டிய தேவையை இது உணர்த்துகிறது.

இன்னொருத்தியும் மேடைக்கு வருவதில்லை. கதையின் பகையைத் தொடங்கி வைத்தவள் சூர்ப்பணகை. அவள் உருமாறி வரும் நடையைக் கம்பர் ஓசையாலேயே காட்டுகிறார். இராமனோடு நிகழ்த்தும் உரையாடலில் அவளுக்குச் சொல்வன்மை குறையவில்லை. உறுப்பிழந்து அழும்போது தன் குலத்தார் ஒவ்வொருவரையும் பெயர்சொல்லி அழைக்கிறாள். இராவணனைச் சீதைமேல் ஏவியபின் கதையின் போக்கில் அவளுக்குப் பங்கில்லை. அவள் முடிவைக் கம்பர் பாடவுமில்லை. வாலியும் கும்பகருணனும் இராவணனும் போட்டியிடும் பட்டியலில், இலக்கணப் பொருளிலேயே எச்சமாக நின்றுவிட்ட அவள் பெயர் ஏன் எழுதப்படுவதில்லை என்பது தனியாக ஆராயத்தக்கது.