அமுதசுரபி கைவந்த வழி

காப்பியங்களில் தெய்வப் பொருள்கள் தலைமக்களின் கைக்கு வரும் வழிகள் பல. விசுவாமித்திரர் உவந்தளித்த படைக்கலங்களை இராமன் ஏற்றான். அருச்சுனன் அருந்தவம் ஆற்றிப் பாசுபதம் பெற்றான். தருமன் கதிரவனை வழிபட்டு அட்சய பாத்திரம் அடைந்தான். பொருளின் ஆற்றலை வியக்கும் நாம், அது வந்த வழியை ஆராய்வது அரிது. அவ்வழியிலேதான் புலவனின் உள்ளம் புலப்படுகிறது என்பது நம் கருத்து. சாத்தனாரின் மணிமேகலையைக் கொண்டு இதனைக் காண்போம்.

மணிமேகலையில் அற்புதங்கள் மலிந்து காப்பியச் சுவை குன்றுகிறது எனக் குறை கூறுவார் உளர். அமுதசுரபி வரும் இடத்தை மேலோட்டமாக நோக்கின் அக்குறை பொருந்துவது போலவே தோன்றும். மணிபல்லவத்தில் தீவதிலகை வழிகாட்ட, வைகாசி விசாக நாளில் கோமுகிப் பொய்கையை வலம்வந்து நின்றவள் கையில் அப்பாத்திரம் தானே வந்து சேர்கிறது. இவ்வளவு எளிதில் வந்த பொருளுக்கு என்ன மதிப்பு?

இவ்வினாவுக்குச் சாத்தனார் விடை வைத்திருக்கிறார். புகாருக்குத் திரும்பிய மணிமேகலை பாத்திரத்தைப் பயன்படுத்துமுன், அறவண அடிகள் ஆபுத்திரன் வரலாற்றை அவளுக்கு உரைக்கிறார். மதுரையில் இரந்துண்டு, குருடர்க்கும் முடவர்க்கும் ஊட்டி, எஞ்சியதை உண்டு வாழ்ந்தவன் அவன். மழை பெய்யும் நள்ளிருளில் பசித்தோர் வந்து நிற்க, கொடுக்க ஏதுமின்றி அவன் வருந்தியபோதுதான் சிந்தாதேவி அமுதசுரபியை அருளினாள். பின்னர் நாடு செழித்தது. உண்பாரைக் காணாமல் சாவகம் நோக்கிக் கப்பலேறியவன் மணிபல்லவத்தில் தனித்து விடப்பட்டான். தன்னுயிர் ஒன்றையே காக்க அப்பாத்திரத்தை வைத்திருக்க அவன் உடன்படவில்லை. பொய்கையில் அதனை விட்டு, உண்ணாதிருந்து உயிர் துறந்தான்.

பாத்திரத்தைப் பெற்றதற்கும் பயன்படுத்தியதற்கும் இடையே இவ்வரலாற்றை வைத்த அமைப்பே நாம் போற்றத்தக்கது. மணிமேகலைக்கு எளிதில் கிட்டிய பொருளுக்கு முன்னொருவன் உயிரையே விலையாகக் கொடுத்திருக்கிறான். அவள் பெற்றது பரிசு மட்டுமன்று, கடனும் ஆகும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. கையில் வந்த பின்னும் பாத்திரம் வெறுமையாகவே இருக்கிறது. ஆதிரை என்னும் கற்புடையாள் இட்ட முதற் பிச்சைக்குப் பின்னரே அது வற்றாது சுரக்கிறது. தெய்வம் அளித்த கலமும் ஒரு மானிடப் பெண்ணின் ஈகைக்குக் காத்திருக்கிறது! காயசண்டிகையின் யானைத்தீ என்னும் தீராப் பசியும், சிறைக்கோட்டத்தில் வாடினோர் பசியும் அதன்பின் தணிகின்றன. சிறைக்கோட்டமே அறக்கோட்டம் ஆகிறது.

ஏனைத் தலைவர் பலர் பெற்றவை பகைவரை வெல்லும் படைகள். மணிமேகலை பெற்றதோ ஒரு பிச்சைப் பாத்திரம். அதற்கு உரியவராக நிற்கும் தகுதி, பிறர் பசியைத் தம் துயராக உணர்தலே. ஆகவே அமுதசுரபி கதையை எளிதாக்கப் புகுத்திய அற்புதம் எனக் கொள்ளுதல் பொருந்தாது; சாத்தனாரின் அறக்கொள்கை முழுதும் அக்கலத்தில் அடங்கியுள்ளது என்றே நாம் துணிகிறோம்.