இஞ்சி பீரும் பாட்டிக் கதையும்

லண்டனில் ஒரு சிறு வடிப்பாலையின் மதுக்கூடம். இஞ்சியைப் புளிக்கவைத்த பீர்தான் அங்கே விசேஷம். காரமா, நல்லாத்தான் இருந்தது. 'பாட்டி கைப்பக்குவம்' என்கிறது சுவர் வாசகம். எந்தப் பாட்டி? 18ஆம் நூற்றாண்டுப் பிரிட்டனுக்குச் சர்க்கரை வந்தது கரீபியத் தோட்டங்களிலிருந்து. கரும்பு வெட்டியவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். ஒழிப்புச் சட்டம் 1833இல்தான். இதைத் தெருவில் விற்றுப் பிழைத்த ஏழைகளை 1851இல் ஹென்றி மேஹ்யூ பதிவுசெய்தார். சுவரில் இவர்கள் யாரும் இல்லை.

புளிக்கவைக்கும் 'இஞ்சி பீர்ச் செடி' செடியே இல்ல. ஈஸ்டும் பாக்டீரியாவும் சேர்ந்து வாழும் கூட்டு என்று 1892இல் மார்ஷல் வார்டு காட்டினார். நுரைக்கே ஒற்றை மூலம் கிடையாது. 'ஜிஞ்சர்' என்ற சொல்லின் வேர் திராவிடம்தான். அதுக்காக நாம மார்தட்டினா, அதுவும் இன்னொரு பாட்டிக் கதை. கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்த இனிப்பு யாருடைய உழைப்பு?