மண்ணுக்கடியில் ஒரு பாவசங்கீர்த்தனம்

கூட்டத்தை விட்டுப் பிரிந்து தனித்துத் திரியும் ஆண் யானையை நம் மலைப்புறத்து மக்கள் ஒற்றை யானை என்பர். கூட்டமாக வரும் யானைகளைவிட அதற்கே அவர்கள் மிகுதியும் அஞ்சுவர். அத்தகைய விலங்கைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையே தலைப்பாகத் தாங்கி 1939ஆம் ஆண்டு வெளிவந்த புதினம், ஜெஃப்ரி ஹவுஸ்ஹோல்ட் எழுதிய ‘ரோக் மேல்’. நூலின் முகப்பிலேயே ஆசிரியர் அவ்விலங்கின் இயல்பை ஓர் இயற்கை அறிஞரைப் போல விளக்குகிறார். தீராத வலியோ, துணையை இழந்த துயரோ அதனைத் தனிமைக்குத் தள்ளுகிறது. தனிமை அதன் சூழ்ச்சியையும் மூர்க்கத்தையும் வளர்க்கிறது. பரபரப்பை நாடி நூலைக் கையிலெடுப்போர் இவ்வரிகளை விரைந்து கடந்துவிடுவர். ஆனால் கதையின் இரகசியம் முழுவதும் அங்கேதான் கிடக்கிறது.

கதையைச் சுருங்கச் சொல்லிவிடலாம். பெயர் கூறப்படாத ஆங்கிலேயன் ஒருவன், வேட்டையில் புகழ் பெற்றவன், ஐரோப்பாவின் நடுவே ஒரு சர்வாதிகாரியின் மாளிகையைத் துப்பாக்கியுடன் நெருங்குகிறான். நாட்டின் பெயரோ சர்வாதிகாரியின் பெயரோ சொல்லப்படவில்லை. 1939ஆம் ஆண்டின் வாசகருக்குச் சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. குறி வைத்த நிலையில் அவன் பிடிபடுகிறான், வதைக்கப்படுகிறான், விபத்தில் இறந்தவனாகத் தோன்றுமாறு மலைவிளிம்பிலிருந்து தள்ளப்படுகிறான், சேற்றில் விழுந்து பிழைக்கிறான். கப்பலில் ஒளிந்து இலண்டன் வந்து சேர்ந்தால் அங்கும் பகைவரின் ஆட்கள் பின்தொடர்கின்றனர். ஆல்ட்விச் சுரங்கத் தொடர்வண்டி நிலையத்தில் நிகழும் மோதலில் அவர்களுள் ஒருவன் இறக்கிறான். இப்போது சொந்த நாட்டுக் காவல்துறையும் அவனைத் தேடுகிறது. வேட்டையாடப் போனவன் இருபுறமும் வேட்டையாடப்படும் விலங்காகிறான். இதுவரை வருவது திறமையான சாகசக் கதை, அவ்வளவே.

நூல் தன் உயரத்தை எட்டுவது அவன் மண்ணைத் தோண்டத் தொடங்கும்போதுதான். இங்கிலாந்தின் தென்பகுதியிலுள்ள டார்செட் மாவட்டத்தில், பல நூற்றாண்டுகளாக வண்டிச் சக்கரங்களும் கால்நடைகளும் மழைநீரும் தேய்த்துத் தேய்த்து ஆழப்படுத்திய பழம்பாதைகள் உண்டு. இருபுறமும் செங்குத்தான கரைகள். அவற்றின் மேல் அடர்ந்த புதர்வேலிகள் ஒன்றோடொன்று பின்னிக் கூரையிட்டிருக்கும். மனிதர் மறந்துபோன அத்தகைய பாதை ஒன்றில், மிருதுவான மணற்கல் கரையைக் குடைந்து அவன் தனக்கொரு வளை அமைக்கிறான். அதனை ஆசிரியர் விவரிக்கும் முறை வியப்புக்குரியது. அலங்காரம் ஏதுமில்லை. தோண்டிய மண்ணைக் கண்ணில் படாமல் எப்படிப் பரப்புவது, வாயிலை எதனால் மறைப்பது, காற்றுக்கு எங்கே துளையிடுவது, நெருப்பின் புகை தன்னைக் காட்டிக்கொடாதிருக்க என்ன செய்வது என்று ஒரு தச்சன் தன் வேலையைக் கூறுவது போலக் கூறிச் செல்கிறார். ‘இங்கே நான் பாதுகாப்பாக இருக்கிறேன்’ என்று ஒருவன் எண்ணுவதற்கு எத்தனை சிறு சிறு கவலைகள் அடித்தளமாக வேண்டியிருக்கின்றன என்பதை இப்பக்கங்கள் உணர்த்துகின்றன.

அந்த வளைக்குள் உறங்குவது எப்படிப்பட்டது? படுக்கைப் பைக்குள் புகுந்துகொண்டு, தலைக்கு மேல் மண்ணும் வேர்களும் இருக்க, வெளியே காலடி ஓசை கேட்கிறதா என்று அவன் செவி விழித்திருக்கிறது. தொடக்கத்தில் அந்த இருட்டு அவனுக்கு இதமாகவே இருக்கிறது. அன்னையின் கருப்பையையும் கல்லறையையும் ஒருங்கே நினைவூட்டும் இடம் அது. பின்னர் மழை வருகிறது. ஈரம் கசிந்து தரை சேறாகிறது, காற்று நாறுகிறது, தன் உடலின் அழுக்கோடு தானே அடைபட்டுக் கிடக்க நேர்கிறது. மறைவிடம் சிறையாக மாறும் அந்த நுண்ணிய எல்லையை எந்த நாளில் அவன் கடந்தான் என்று சுட்டிக்காட்ட முடியாதபடி ஆசிரியர் எழுதியிருக்கிறார். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில், கைவிடப்பட்ட ஏவுகணைக் கிடங்கு ஒன்றைச் செல்வந்தர் பேரழிவு நாளில் பதுங்குவதற்கான அடுக்குமாடி வீடுகளாக மாற்றியுள்ளனர் என்று படித்தேன். நீச்சல் குளமும் உண்டாம். ஹவுஸ்ஹோல்டின் இப்பக்கங்களை ஒரு பிரதியெடுத்து அவர்களுக்கு அனுப்பலாம்.

இவ்விடத்தில் காஃப்காவின் ‘வளை’ என்னும் கதை நினைவுக்கு வராமல் இராது. 1923-24 குளிர்காலத்தில் எழுதப்பட்டு, அவர் மறைந்தபின் 1931இல் அச்சேறியது. அதில் ஒரு விலங்கு தன் நிலத்தடிக் கோட்டையைத் தானே வியந்தும் தானே ஐயுற்றும் பேசுகிறது. வெளியே வந்து புதரில் மறைந்திருந்து, தன் வளையின் வாயிலைத் தானே காவல் காக்கிறது. உள்ளே உறங்கும் தன்னை வெளியிலிருந்து தானே பாதுகாப்பதாக எண்ணி மகிழ்கிறது. அச்சத்தின் இயல்பை இதைவிடக் கூர்மையாக எழுதியவர் இல்லை. கலை நுட்பத்தில் ஹவுஸ்ஹோல்டு காஃப்காவுக்கு நிகரானவர் அல்லர். அதனை மறைக்க வேண்டியதில்லை. எனினும் ஒன்றில் அவர் மேலும் ஓர் அடி செல்கிறார். காஃப்காவின் விலங்குக்குக் கேட்பது ஓர் ஓசை மட்டுமே. அவ்வோசை யாருடையது என்பது இறுதிவரை தெரியாது. ஆகவே அது தன்னோடு மட்டுமே பேசிக்கொள்ள முடியும். ஹவுஸ்ஹோல்டின் மனிதனுக்கோ ஒரு குரல் கேட்கிறது, அது அவனிடம் கேள்வி கேட்கிறது.

அக்குரல் குவைவ் ஸ்மித் என்ற பகை உளவாளியுடையது. அருகிலுள்ள பண்ணையில் ஓர் ஆங்கிலக் கனவானாக விருந்தினன் வேடத்தில் தங்கி, வளையைக் கண்டுபிடித்து, வாயிலை வெளியிலிருந்து அடைத்துவிடுகிறான். அவன் கேட்பது உயிரையன்று, ஒரு கையெழுத்தை: ‘பிரித்தானிய அரசின் அறிவோடுதான் கொல்ல வந்தேன்’ என்று எழுதிய தாளில் ஒப்பமிட வேண்டும். இவனோ கதையின் தொடக்கம் முதலே, தான் கொல்ல வரவில்லை, நெருங்க முடியுமா என்று பார்க்கும் வேட்டைக்காரனின் விளையாட்டே அது என்று சொல்லி வருகிறான். நமக்கும் சொல்கிறான், நாமும் ஏறக்குறைய நம்பிவிடுகிறோம். நாட்கள் செல்லச் செல்ல, காற்றுத் துளை வழியே வரும் கேள்விகளுக்கு மறுமொழி சொல்லிச் சொல்லி, அந்தப் பொய் உதிர்கிறது. அவன் நேசித்த பெண்ணை அந்த ஆட்சி சுட்டுக் கொன்றிருந்தது. அவன் கொல்லவே சென்றான். முகப்பில் சொல்லப்பட்ட துணையிழந்த விலங்கு அவனே.

நான் குருவாக இருப்பதால் இக்காட்சியை வேறு விதமாகப் படிக்க இயலவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் காணாதபடி தடுப்பு ஒன்று, நடுவே சிறு துளை, இருட்டு, தாழ்ந்த குரலில் உரையாடல். இது தலைகீழாக்கப்பட்ட பாவசங்கீர்த்தனத் தொட்டியன்றி வேறென்ன? வெளியே அமர்ந்திருப்பவன் மன்னிக்க வந்தவனல்லன், உண்மையைத் தேடி வந்தவனுமல்லன். அவனுக்குத் தேவை பயன்படக்கூடிய ஒரு பொய். நம் ஒப்புரவு அருட்சாதனத்தில் சொல்லப்பட்டது எழுதப்படுவதில்லை, வெளியே செல்வதில்லை. இங்கோ எல்லாம் ஒரு தாளுக்காகவே. ஆயினும் பொய்யை வேண்டி நின்றவன் முன்னிலையில் மெய் பிறக்கிறது. நாவலின் வடிவமே இதற்கு ஏற்ப அமைந்துள்ளது: நாம் படிப்பது, அம்மனிதன் குறிப்பேட்டில் எழுதிய தன்னிலை விளக்கம். சொல்ல மறுத்தவன் எழுதத் தொடங்குகிறான். எழுதுகையில் தான் மறைத்தது எது என்பதைக் கண்டுகொள்கிறான்.

அவ்வளைக்குள் அவனுக்கு ஒரே துணை, காட்டுத்தனமாய்த் திரிந்த ஓர் ஆண் பூனை. அதற்கு அவன் இட்ட பெயர் அஸ்மோடியஸ். ஆங்கில வாசகர்க்கு இது பூனைக்கு வைத்த குறும்புப் பெயராகத் தோன்றலாம். தோபித்து நூலைத் தம் திருவிவிலியத்தில் கொண்டுள்ள நமக்கோ அப்பெயர் அறிமுகமானது. சாராவின் ஏழு கணவரையும் மணவறையில் கொன்ற அலகை அசுமதேயு அதுவே. அன்பு கொண்ட இருவருக்கு நடுவே சாவாய் நிற்கும் தீமை! காதலியைப் பறிகொடுத்தவன், அதனை வெளிப்படச் சொல்லும் முன்பே, தன்னருகில் உறங்கும் உயிருக்கு இப்பெயரை இடுகிறான். ஆசிரியர் இதனை எண்ணியே செய்தாரா என்று கேட்கலாம். எண்ணாமல் செய்திருப்பினும் பெயர் தன் பணியைச் செய்கிறது. பின்னர்ப் பூனை கொல்லப்பட்டு அதன் உடல் உள்ளே தள்ளப்படுகிறது. அந்தத் தோலைக் கொண்டே அவன் ஓர் எறிகருவி செய்து, துளைக்கு நேரே எதிரியின் முகம் வந்த கணத்தில் இரும்புக் கம்பியை எய்து கொல்கிறான். தோபியாவுக்கு வழித்துணையாக ஒரு வானதூதர் வந்தார். இவனுக்கு வாய்த்தது இறந்த தோழனின் தோல்.

இதுவரை நூலாசிரியரோடு எனக்குப் பிணக்கில்லை. பிணக்கு இதற்குப் பின்னரே. வளையை விட்டு வெளிவந்தவன், கொன்றவனுடைய அடையாளத்தையே அணிந்துகொண்டு நாட்டைவிட்டு வெளியேறி, மீண்டும் அந்தச் சர்வாதிகாரியைத் தேடிப் புறப்படுகிறான். இம்முறை விளையாட்டு என்ற சாக்கு இல்லை. ஆசிரியர் இதனை ஒரு விடுதலையாகவே காட்டுகிறார். தன் உள்நோக்கத்தை ஒருவன் நேர்மையாக அறிந்துகொண்டால், அந்நோக்கமே நேர்மையானதாகிவிடும் என்பது போல! இருபதாம் நூற்றாண்டுப் புதினங்கள் பலவற்றில் ஊடாடும் மயக்கம் இது. மனச்சான்றை ஆராய்வது அதன் தீர்ப்பைக் கேட்பதற்காக. இவனோ ஆராய்ச்சி முடிந்ததும், தீர்ப்புக்குக் காத்திராமல் துப்பாக்கியை எடுக்கிறான்.

சாமுவேல் முதல் நூலின் 24ஆம் அதிகாரத்தை இதனருகில் வைத்துப் பார்க்கலாம். வேட்டையாடப்படும் தாவீது ஏன்கேதிப் பாலைநிலக் குகை ஒன்றின் உட்புறத்தில் பதுங்கியிருக்கிறார். அவரைக் கொல்லத் தேடும் சவுல் தற்செயலாய் அதே குகைக்குள் தனியே நுழைகிறார். வேட்டைக்காரன் இரையின் கைக்கெட்டும் தொலைவில்! தாவீது மேலாடையின் தொங்கலை மட்டும் அறுத்துக்கொள்கிறார். அதற்காகவும் அவர் உள்ளம் உறுத்துகிறது. பதுங்கியிருந்த இருட்டில் தாவீது கண்டது தம் கையின் எல்லையை. ஹவுஸ்ஹோல்டின் மனிதன் கண்டது தன் கையின் வலிமையை. (அவனுடைய வழக்கறிஞர் பெயர் சவுல் என்பது, எனக்குத் தெரிந்தவரை, வெறும் தற்செயல்.)

தீர்ப்பை இத்துடன் முடிப்பது எளிது, ஆனால் நியாயமாகாது. கொடுங்கோலனைக் கொல்லலாமா என்ற வினா குருமடத்து அறநெறி இறையியல் வகுப்பில் எங்களை நாள்கணக்கில் வாட்டியது. தனியாள் தன் துணிவில் அதனைச் செய்யலாகாது, பொது அதிகாரத்தின் வழியே செயல்பட வேண்டும் என்பது தூய தோமா அக்குவினார் அரசாட்சி குறித்து எழுதிய நூலில் தரும் அறிவுரை. 1415இல் கான்ஸ்டன்ஸ் பொதுச்சங்கம், எக்குடிமகனும் சூழ்ச்சியால்கூடக் கொடுங்கோலனைக் கொல்லலாம் என்ற கருத்தைக் கண்டித்தது. ஆனால் 1944 சூலை 20 அன்று இட்லரின் மேசைக்கடியில் வெடிகுண்டை வைத்த ஸ்டாஃபென்பெர்க் ஒரு கத்தோலிக்கர். அவரை எளிதில் கொலைகாரன் என்று அழைக்க எனக்கு நா எழவில்லை. இப்புதினமோ அதற்கு ஐந்தாண்டுகள் முன்னதாகவே வெளிவந்துவிட்டது. ஆக, துளைக்கு வெளியிலிருந்து குவைவ் ஸ்மித் கேட்ட வினா, நம் அறநெறி நூலோர் கேட்ட அதே வினாதான்: உன்னை அனுப்பியது யார்? நாடா, நீயேவா? பகைவனின் வாயில் சரியான கேள்வியை வைத்த ஆசிரியர், அதற்கு மெய்யான விடையையும் வாங்கிவிட்டார். ‘என் துயரம் அனுப்பியது’ என்பதே அவ்விடை. அவ்விடையின் கனத்தை நிறுத்துப் பார்க்க மட்டும் அவர் தயங்கிவிட்டார்.

அவர் மனமும் அமைதியடையவில்லை போலும். 1988இல் மறைந்த அவர், தம் எண்பதுகளில், 1982ஆம் ஆண்டு, இதே மனிதனின் பின்கதையை ‘ரோக் ஜஸ்டிஸ்’ என்ற புதினமாக எழுதினார். அதில் ஓட்டமும் துரத்தலும் மிகுதி. முந்தைய நூலின் அடர்த்தி இல்லை. ஃபிரிட்ஸ் லாங் 1941இலேயே முதல் நூலைத் திரைப்படமாக்கினார். எனினும் வளைக்குள் நிகழ்வது செவியாலும் மூக்காலும் தோலாலும் அறியப்படுவது. அதற்கு அச்சிட்ட பக்கமே ஏற்ற இடம். ஆங்கிலம் படிக்க வல்ல வாசகர்கள் இச்சிறு நூலைத் தேடிப் படிக்கலாம். தமிழில் கொணர முன்வருவோர், மணற்கல் கரையைக் குடையும் அப்பக்கங்களுக்கு நம் கிணறு வெட்டுவோரின் சொற்களைக் கேட்டறிந்து எழுதுவாராயின் நன்று.